ஸ்பனகோபிட்டா: கிரேக்கக் கீரைப் பிட்டாவை வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பனகோபிட்டாவை முதல்முறை செய்பவர்களுக்கும் பலமுறை செய்தவர்களுக்கும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அடி ஏன் ஊறிப்போகிறது, மாவுத் தாள் ஏன் பொடிகிறது, ஃபெட்டா என்னும் கிரேக்க சீஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, எளிதானவற்றை முன்னாலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் அடுக்கியிருக்கிறோம். பதில்கள் பலவும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். கீரைக்குள் இருக்கும் நீர் எங்கே போகிறது என்பதில் கண் வைத்தால், இந்தப் பண்டம் கெட்டுப்போக இருக்கும் வழிகளில் முக்கால்வாசி அடைபட்டுவிடும்.

1. இது சரியா என்னதுங்க? சமோசா மாதிரியா, பஃப்ஸ் மாதிரியா?

இரண்டும் இல்லை. காகிதம்போல் மெல்லிய ஃபிலோ என்னும் மாவுத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணெய் தடவித் தட்டில் அடுக்கி, நடுவில் கீரை, வெங்காயத்தாள், சதகுப்பைக் கீரை, ஃபெட்டா, முட்டை கலந்த பூரணத்தைப் பரப்பி, மேலேயும் தாள்களால் மூடி ஓவனில் சுடுவது. சமோசா எண்ணெயில் பொரிகிறது. பஃப்ஸில் மாவுக்குள்ளேயே கொழுப்பை வைத்து மடித்து மடித்துத் தேய்த்திருப்பார்கள். இங்கே கொழுப்பை நாம்தான் தாளுக்கும் தாளுக்கும் நடுவே தடவுகிறோம். மொறுமொறுப்பு அந்த இடைவெளிகளில்தான் பிறக்கிறது.

கிரீஸில் இது அன்றாடச் சாப்பாடு. காலையில் பேக்கரியில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். வீட்டில் பெரிய தட்டில் செய்து சதுரமாக வெட்டி மதியத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். வடமேற்கில் உள்ள மலைநாடான எபிரஸ் பிட்டாக்களுக்கே பெயர்போன பகுதி. சாஸ், சட்னி எதுவும் தொட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. வெதுவெதுப்பாகவோ, ஆறிய பிறகோ அப்படியே சாப்பிடுவது. சுட்ட இறைச்சியைச் சுற்றித் தரும் பிட்டா ரொட்டி வேறு பண்டம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. எந்தக் கீரை வாங்கணும்? பசலைன்னு கேட்டா கடைக்காரர் ரெண்டு விதம் காட்டுறார்.

பாலக் என்று விற்கும் கீரைதான். கொடியில் படரும், இலை தடித்து வழவழப்பான கொடிப்பசலை வேண்டாம். அதன் வழவழப்பு எவ்வளவு பிழிந்தாலும் போகாது, பூரணம் கொழகொழவென்றாகும். பாலக்கில் தடித்த அடித்தண்டை நீக்கிவிட்டு, மெல்லிய காம்பை இலையோடு சேர்த்து நறுக்கலாம். மண் போக மூன்று தண்ணீர் அலச வேண்டும். இதில் சோம்பினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

கீரையைக் கலந்து போடுவதும் கிரேக்க வழக்கமே. வசந்த காலத்தில் காட்டுக் கீரைகள், செந்தட்டி இனக் கீரை, புளிப்புக் கீரை, சார்டு எல்லாம் சேர்த்துச் செய்வதை ஹோர்ட்டோபிட்டா என்பார்கள். ஆகவே மூன்றில் ஒரு பங்கு வேறு இளங்கீரை சேர்த்தால் தப்பில்லை.

3. ஒரு தட்டுக்கு மொத்த அளவு சொல்லுங்க.

25×35 செ.மீ. உலோகத் தட்டு, 4 அல்லது 5 செ.மீ. ஆழம். இதில் 12 துண்டு கிடைக்கும். பாலக் 1 கிலோ (தண்டு நீக்கியபின்), வெங்காயத்தாள் 150 கிராம், ஒரு லீக்ஸ் அல்லது நடுத்தர வெங்காயம், சதகுப்பைக் கீரை 40 கிராம், பார்ஸ்லி 30 கிராம், புதினா 10 இலை, ஃபெட்டா 350 கிராம், முட்டை 3, ரவை 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, ஃபிலோ ஒரு பொதி (சுமார் 450 கிராம்), ஆலிவ் எண்ணெய் 150 மி.லி.

எண்ணெயில் 30 மி.லி. வதக்குவதற்கு, மீதி தாள்களுக்கு. பூரணத்துக்கு உப்பு தனியாக வேண்டாம், ஃபெட்டாவில் இருப்பதே போதும். முட்டை கலக்கும் முன் பூரணத்தைச் சுவைத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் சேருங்கள்.

4. கீரையை வேகவைக்கணுமா, வதக்கணுமா, பச்சையாவே போடலாமா?

மூன்று விதமாகவும் செய்கிறார்கள். எப்படிச் செய்தாலும் நோக்கம் ஒன்று. பாலக்கின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோவை அப்படியே உள்ளே வைத்தால் சூட்டில் அந்த நீர் வெளியேறி, அடித்தாளைக் கூழாக்கிவிடும்.

எங்களுக்குப் பிடித்தது உப்புப் பிசறல். கீரையை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி உப்பு தூவி, கைகளால் அழுத்திப் பிசறி, துளைத்தட்டில் 30 நிமிடம் வையுங்கள். உப்பு இலையின் நீரை வெளியே இழுக்கும். பிறகு கைப்பிடி கைப்பிடியாக எடுத்து முறுக்கிப் பிழியுங்கள். போட்ட உப்பில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். ஓர் இலையை வாயில் போட்டுப் பாருங்கள், கரித்தால் ஒருமுறை அலசி மறுபடி பிழியலாம். கீரை முதன்முதலாக வேகுவதே ஓவனுக்குள் என்பதால் பச்சை மணம் குறையாது.

வதக்குவதானால் அகலமான சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் கீரையை நாலு தவணையாகப் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் சுருண்டதும் எடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் குவித்தால் வதங்காது, தன் நீரிலேயே அவியும். ஆறவைத்துப் பிழிய வேண்டும். கொதிநீரில் போட்டு எடுப்பது மூன்றிலும் மோசமான வழி: தண்ணீரை வெளியேற்ற வேண்டிய இடத்தில் புதிதாகச் சேர்க்கிறோம், மணமும் அந்த நீரில் போய்விடுகிறது. எந்த வழியானாலும், பிழிந்த பிடியை மறுபடி அழுத்தினால் சொட்டுகூட விழக் கூடாது. எடை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்.

5. அவ்வளவு பிழிஞ்ச பிறகும் ரவை எதுக்கு?

முட்டையும் ஃபெட்டாவும் தங்கள் பங்குக்கு நீர் விடும், கீரையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைக் குடிக்கத்தான் ரவை. கிரேக்கக் கிராமங்களில் இதே வேலைக்குக் கோதுமை ரவையோ, ட்ரகானாஸ் என்னும் பாலில் ஊறவைத்துக் காயவைத்த கோதுமைக் குருணையோ, ஒரு பிடி அரிசியோ போடுவார்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் பூரணம் உப்புமாபோல் இறுகிவிடும். பாதியைப் பூரணத்தில் கலந்து, பாதியை அடித்தாள் மேல் தூவினால் நல்ல பலன்.

6. ஃப்ரோசன் கீரை போடலாமா?

தாராளமாக. ஒரு கிலோ புதுக்கீரைக்குச் சுமார் 600 கிராம். முழுக்க உருகியபின் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பாதி உறைந்திருக்கும்போது பிழிந்தால் நடுவில் உள்ள பனிக்கட்டி ஓவனில்தான் உருகும். மறுபடி வதக்கத் தேவையில்லை.

7. சதகுப்பைக் கீரை கிடைக்கலை. விட்டுட்டா பரவாயில்லையா?

டில், சோயிக்கீரை என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ஸ்பனகோபிட்டாவின் மணமே இது. கிடைக்காவிட்டால் பெருஞ்சீரகச் செடியின் இளந்தழை மிகப் பொருத்தம். கிரேக்கர்களே, குறிப்பாகக் கிரீட் தீவில், அதைக் கீரைப் பிட்டாக்களில் நிறையப் போடுவார்கள். உலர்ந்த டில் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி போதும். எதுவுமே இல்லையென்றால் புதினாவையும் வெங்காயத்தாளையும் இரட்டிப்பாக்குங்கள். கொத்தமல்லி, சீரகம், கரம் மசாலா சேர்க்க வேண்டாம். சுவையாகத்தான் இருக்கும், ஆனால் ஃபெட்டாவின் புளிப்பு அடியில் போய்விடும்.

வெங்காயத்தாளையும் லீக்ஸையும் 30 மி.லி. எண்ணெயில் மெல்லிய தீயில் எட்டுப் பத்து நிமிடம், நிறம் மாறாமல் வதக்குங்கள். சதகுப்பை, பார்ஸ்லி, புதினாவை வதக்கக் கூடாது. ஆறிய பூரணத்தில் பச்சையாகவே சேர்க்க வேண்டும்.

8. ஃபெட்டான்னு எழுதியிருக்கிற எல்லாமே ஒண்ணுதானா?

இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டா என்பது 2002 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட, இடத்தோடு கட்டிய பெயர். கிரீஸின் குறிப்பிட்ட பகுதிகளில், குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பாலும் மீதி வெள்ளாட்டுப் பாலுமாகச் செய்து, குறைந்தது இரண்டு மாதம் முதிரவைத்தது மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்காடின, 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்றியத்துக்கு வெளியே பசும்பாலில் செய்ததையும் ஃபெட்டா என்று விற்கிறார்கள். அது மென்மையாக, காரம் குறைந்து இருக்கும். பிட்டாவுக்கு ஆகும், ஆனால் செம்மறிப் பாலின் ஆழம் வராது.

எதை வாங்கினாலும் உப்புநீரில் கிடக்கும் கட்டியாக வாங்குங்கள். உதிர்த்துப் பொதியில் அடைத்தது வறண்டுபோயிருக்கும். உதிர்க்கும்போது கையால், கடலை அளவும் நெல்லிக்காய் அளவுமாகக் கலந்து உதிருங்கள். மாவாகப் பிசைந்தால் கீரை முழுவதும் ஒரே சுவையாகிவிடும், கடிக்கும்போது ஃபெட்டா தனியாகத் தட்டுப்படாது.

9. ஃபெட்டா விலை ஜாஸ்தி. பனீர் போட்டா என்ன?

பனீரில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, முதிர்ந்த மணமும் இல்லை. முதல் இரண்டையும் ஓரளவு கொண்டுவரலாம். 300 கிராம் பனீரை உதிர்த்து, ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி கலந்து, குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். கலந்த உடனே போட்டால் உப்பு வெளியிலும் பனீர் உள்ளே சப்பென்றும் இருக்கும்.

இடைவழி ஒன்று உண்டு, செலவையும் சுவையையும் பார்த்தால் இதுவே நல்லது: 150 கிராம் ஃபெட்டா, 200 கிராம் பனீர். ஃபெட்டாவோடு உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டியான மிஸித்ராவோ அந்தோத்திரோவோ கலப்பது கிரேக்க வீடுகளிலும் உள்ள வழக்கந்தான். மொசரெல்லா வேண்டாம். இழுபடும், நீரும் விடும்.

10. நாங்க முட்டை சாப்பிட மாட்டோம். சீஸும் சைவமான்னு தெரியணும்.

ஃபெட்டாவைப் பாரம்பரியமாக உறையவைப்பது ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டு. நுண்ணுயிர் ரென்னட் போட்டுச் செய்யும் நிறுவனங்களும் உண்டு, பொதியின் மேல் அப்படி எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். எழுதாவிட்டால் சைவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முட்டை பூரணத்தைப் பிணைக்கிறது, அவ்வளவே. விட்டுவிட்டால், நீர் வடித்த கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டியும் ரவை கூடுதலாக ஒரு மேசைக்கரண்டியும் சேருங்கள். வெட்டும்போது கொஞ்சம் உதிரும், ஆறியபின் வெட்டினால் நிற்கும்.

முட்டையும் பாலும் இரண்டுமே இல்லாத ஸ்பனகோபிட்டாவும் கிரீஸில் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு வாரங்களில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, முட்டை, பால் பொருட்களைத் தவிர்ப்பார்கள். அப்போது கீரையோடு லீக்ஸை இரண்டு மடங்காக்கி, கழுவிய அரிசி 3 மேசைக்கரண்டி சேர்த்து, ஆலிவ் எண்ணெயில் மட்டுமே செய்வார்கள். ஃபெட்டா இல்லாததால் இதற்கு உப்பும், கடைசியில் பிழிய எலுமிச்சையும் வேண்டும்.

11. ஃபிலோவைத் திறந்தாலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, இல்லைன்னா அப்பளம் மாதிரி நொறுங்குது. நான் என்ன தப்பு பண்றேன்?

இரண்டுக்கும் ஈரமே காரணம், ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. ஒட்டுவது அவசரமாக உருக்குவதால் வருகிறது. உறைந்த பொதியைச் சமையலறையில் வெளியே வைத்தால் மேலே பனி வியர்த்து அந்த நீர் தாள்களுக்குள் இறங்கும். பொதியைப் பிரிக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, செய்வதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுங்கள். உருகியதை மறுபடி உறையவைத்து விற்ற பொதியும் ஒட்டும். அதற்கு மருந்து இல்லை, கடையை மாற்ற வேண்டியதுதான்.

நொறுங்குவது காற்றில் காய்வதால். மின்விசிறியை நிறுத்துங்கள். பூரணம் ஆறித் தயாராக இருந்தபின்தான் பொதியைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் தாள்களின்மேல் ஓர் உலர்ந்த துணி, அதன்மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. ஈரத்துணி நேராகத் தாளைத் தொட்டால் ஒட்டல் மறுபடி ஆரம்பம். கிழிந்த தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம், நடு அடுக்குகளில் ஒட்டுப்போட்டாற்போல் வைத்துவிடலாம். அடித்தாள் இரண்டும் மேல்தாள் இரண்டும் முழுசாக இருந்தால் போதும்.

12. அடுக்கும்போது கீழே எத்தனை, மேலே எத்தனை?

கீழே 6, மேலே 5 அல்லது 6. தட்டுக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொரு தாளையும் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கும்படி, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என்று தள்ளித் தள்ளி விரியுங்கள். தாளுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய். பிரஷால் அழுத்தித் தேய்த்தால் கிழியும், நனைத்துத் தெளித்து லேசாக இழுத்தால் போதும். மூலை முடுக்கெல்லாம் நனைய வேண்டியதில்லை. முதலில் விளிம்பு, பிறகு நடு, ஏனென்றால் விளிம்புதான் முதலில் காயும்.

பூரணத்தைப் பரப்பியபின் அழுத்தாதீர்கள். தொங்கும் ஓரங்களை உள்ளே மடித்து எண்ணெய் தடவி, அதன்மேல் மேல்தாள்களை விரித்து, ஓரங்களைத் தட்டின் பக்கவாட்டில் செருகிவிடுங்கள்.

13. ஆலிவ் எண்ணெய், வெண்ணெய், நெய். எது நல்லது?

ஆலிவ் எண்ணெயில் தாள் கண்ணாடிபோல் முறுகும், ஆறியபின்னும் முறுகலாகவே இருக்கும். வெண்ணெய் நல்ல மணமும் நிறமும் தரும். ஆனால் அதில் ஆறில் ஒரு பங்குக்கு நீர் உண்டு, அந்த நீர் தாளை நமக்க வைக்கும். ஆகவே உருக்கி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துத் தடவ வேண்டும். நெய் ஏற்கனவே நீர் போன வெண்ணெய்தான் என்பதால் தொழில்நுட்பத்தில் குறையில்லை, மணம் மட்டும் தூக்கலாக இருக்கும். மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய்க்கு ஒரு பங்கு நெய் என்பது நல்ல கலவை.

14. சுடுறதுக்கு முன்னாடியே வெட்டச் சொல்றாங்களே, பூரணம் வெளிய வராதா?

வெட்டுவதில்லை, கீறுவது. மேல்தாள்களை மட்டும், பூரணத்தைத் தொடும் ஆழத்துக்கு, துண்டு எந்த அளவில் வேண்டுமோ அந்தக் கோடுகளில் கூரிய கத்தியால் கீறுங்கள். உள்ளே எழும் நீராவி அதன் வழியே போகும். கீறாவிட்டால் நடு உப்பி, ஆவி கீழ்நோக்கி வேலை செய்யும். சுட்ட பிறகு முதல்முறையாகக் கத்தி வைத்தால் மேல்தாள் சில்லுசில்லாகச் சிதறும், அது வேறு.

அடித்தாள்களைத் தொட்டுவிடாதீர்கள். அது உடைந்தால் நீர் நேராகத் தட்டில் இறங்கும். கீறியபின் கையை நனைத்து மேலே நாலைந்து தடவை தண்ணீர் தெளியுங்கள். மேல்தாள் சுருண்டு எழாமல் படிந்து வேகும்.

15. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? எங்கிட்ட சின்ன ஓடிஜிதான் இருக்கு.

மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும் ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், விசிறி உள்ளதில் 170. 50 முதல் 60 நிமிடம். தட்டு கீழ் அடுக்கில் இருக்க வேண்டும். ஓடிஜியில் மேல்கம்பி மிக அருகில் இருக்கும், 25 நிமிடத்திலேயே மேலே சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து எடுத்துவிட்டால் அடி வெள்ளையாக இருக்கும். மேலே சிவந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு, கீழ்க்கம்பியை மட்டும் எரியவிட்டு மீதி நேரத்தை முடியுங்கள்.

வெந்ததா என்று பார்க்கக் கிரேக்க வீடுகளில் உள்ள வழி நம்பகமானது. தட்டைப் பிடித்து லேசாகக் குலுக்கினால் பிட்டா முழுவதும் ஒரே துண்டாகத் தட்டில் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அடி இன்னும் ஈரம், பத்து நிமிடம் கூட வையுங்கள்.

16. எல்லாம் சரியா செஞ்சும் அடி நசநசன்னு இருக்கு. ஏன்?

கீரை போதுமான அளவு பிழியப்படவில்லை என்பதே பெரும்பாலும் விடை (4ஆம் பதில்). அது சரியென்றால் அடுத்த காரணம் சூடான பூரணம். வதக்கிய வெங்காயத்தை ஆறவிடாமல் கலந்து தாள்மேல் பரப்பினால், ஓவனுக்குள் போகும் முன்பே ஆவி தாளை நனைத்துவிடும். மூன்றாவது, தட்டு. தடித்த கண்ணாடியும் பீங்கானும் மெதுவாகச் சூடேறும், பூரணம் நீர்விடும் நேரத்தில் அடித்தாள் இன்னும் வேகத் தொடங்கியிருக்காது. மெல்லிய உலோகத் தட்டே சரி. நான்காவது, அடித்தாள்களில் எண்ணெயைச் சிக்கனம் பிடிப்பது. கொழுப்புத் தடவிய தாள் நீரைத் தள்ளும், வறண்ட தாள் உறிஞ்சும்.

எடுத்த பிறகு செய்யும் தப்பும் உண்டு: சூட்டோடு மூடி வைப்பது. மூடவே கூடாது. 20 நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டு, கீறிய கோட்டில் அடிவரை வெட்டி, துண்டுகளைக் கம்பிவலைமேல் எடுத்து வையுங்கள். அடி ஏற்கனவே ஊறிவிட்டதென்றால், துண்டுகளைத் தட்டில்லாமல் கம்பிவலையிலேயே வைத்து 180 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டால் பெருமளவு மீளும்.

17. சாப்பிட்டதும் பல்லுல ஏதோ மாவு பூசின மாதிரி இருக்கே?

பாலக்கில் உள்ள ஆக்சலேட் தரும் உணர்வு அது. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இளம் இலையில் குறைவாகத் தெரியும், பிழியும்போது கொஞ்சம் நீரோடு போகும். கால்சியம் ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக் அதிகம் சாப்பிடுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

18. ஃபிலோவை வீட்டிலேயே செய்ய முடியுமா? கடைத் தாள் மாதிரி மெல்லிசா வருமா?

அவ்வளவு மெல்லிசாக வராது, வர வேண்டியதும் இல்லை. கிரேக்கக் கிராமத்து ஃபிலோ கொஞ்சம் தடிப்பாக, கடித்தால் மாவின் சுவை தெரியும்படிதான் இருக்கும். பலர் அதைத்தான் உயர்வாக நினைக்கிறார்கள், நாங்களும் அந்தக் கட்சிதான்.

மைதா 500 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் சுமார் 250 மி.லி. பத்து நிமிடம் பிசைந்து, காது மடல் போல் மிருதுவானதும் எண்ணெய் தடவி மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறதென்றால் மாவு போதிய ஓய்வு எடுக்கவில்லை. இழுத்துச் சண்டை போடாமல் இன்னும் 20 நிமிடம் விடுங்கள். ஆறு உருண்டையாக்கி, கார்ன் ஃப்ளோர் தூவித் தேயுங்கள். கிரேக்கர்கள் பயன்படுத்துவது சப்பாத்திக் கட்டை அல்ல, விரல் தடிமனில் ஒரு முழத்துக்கும் நீண்ட மெல்லிய கோல். வட்டத்தைக் கோலில் சுற்றி, உள்ளங்கைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நகர்த்தி உருட்டி, பிரித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி சுற்றுவார்கள். 45 செ.மீ. வரை விரிய வேண்டும். கீழே மூன்று, மேலே மூன்று. 190 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம் பிடிக்கும்.

கோல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பூரி அளவில் மூன்று வட்டம் தேய்த்து, நடுநடுவே தாராளமாக எண்ணெய் தடவி அடுக்கி, 15 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, மூன்றையும் சேர்த்து ஒன்றாகத் தேயுங்கள். அடியில் இப்படி ஒன்று, மேலே ஒன்று. சுடும்போது அடுக்கு அடுக்காகப் பிரியும்.

19. விருந்துக்கு முக்கோணமா செய்யணும். அதே பூரணம் சரியா வருமா?

வரும், கீரையை இன்னும் பொடியாக நறுக்கி முட்டையை இரண்டாகக் குறைத்தால் போதும். எண்ணெய் தடவிய இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து 8 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, கீழ்முனையில் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து, மூலைக்கு மூலை மடித்துக்கொண்டே போங்கள். இறுக்கி மடித்தால் சூட்டில் வெடிக்கும். மடிப்புமுனை அடியில் இருக்கும்படி வைத்து 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். நீளமாக உருட்டி நத்தைச் சுருளாகச் சுற்றும் வடிவமும் கிரீஸில் பரவலானது. அதற்குத் தாளில் எண்ணெய் சற்றுத் தாராளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைக்கும்போது விரியும்.

20. முன்கூட்டியே செஞ்சு வைக்கலாமா? மீந்தா என்ன பண்றது?

சுடாமல் உறையவைப்பதே சிறந்தது. அடுக்கி, எண்ணெய் தடவி, கீறிவிட்டு (உறைந்தபின் கீற முடியாது), இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். உருக்காமல் நேராக ஓவனில் வைத்து, 15ஆம் பதிலில் சொன்ன நேரத்தோடு 15 முதல் 20 நிமிடம் கூட்டுங்கள். உருகவிட்டால் நீர் தாளில் இறங்கும். சுடாத பிட்டாவைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பதும் இதே காரணத்தால் சரிப்படாது. பூரணத்தை மட்டும் முட்டை சேர்க்காமல் முந்தின நாளே செய்து வைத்து, காலையில் வடிந்த நீரைக் கொட்டிவிட்டு அடுக்கலாம்.

சுட்டது மீந்தால், இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், முட்டையும் பாலும் உள்ள பண்டம் இது. மூன்று நாள் இருக்கும். சூடாக்க 170 டிகிரி ஓவனில் 12 நிமிடம், அல்லது மூடாத தோசைக்கல்லில் மெல்லிய தீ. மைக்ரோவேவ் தாளைத் தோலாக்கிவிடும்.

21. ஃபிலோ கிடைக்கவே கிடைக்காது, தேய்க்கவும் தெரியாது. வேற வழி உண்டா?

எபிரஸிலும் தெசாலியிலும் ஃபிலோ இல்லாமலே கீரைப் பிட்டா செய்கிறார்கள், மேலும் கீழும் மக்காச்சோள மாவு வைத்து. மஞ்சளாக, ரொட்டிக்கு விற்கும் சோளமாவு வேண்டும். வெள்ளையாக, சூப்பைக் கெட்டியாக்கும் கார்ன் ஃப்ளோர் இதற்கு ஆகாது.

தட்டுக்கு எண்ணெயை நன்றாகத் தடவி, 150 கிராம் சோளமாவைச் சீராகத் தூவி, நனையும் அளவு தண்ணீர் தெளியுங்கள். 3ஆம் பதிலில் உள்ள பூரணத்தை ரவை இல்லாமல் அதன்மேல் பரப்புங்கள். இன்னொரு 150 கிராம் சோளமாவில் உப்பு அரைத் தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, ஊற்றும் பதம் வரப் பால் (சுமார் 300 மி.லி.) கலந்து மேலே ஊற்றி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தெளித்து 190 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். இதில் மட்டும் கீரையை முழுக்கப் பிழியக் கூடாது. நீர் வடிந்தால் போதும், மிச்சத்தைச் சோளமாவு குடித்தால்தான் வேகும். ஒட்டப் பிழிந்த கீரையை வைத்தால் அடிமாவு வேகாமல் நறநறவென்று பச்சையாகவே நிற்கும்.